பிஞ்ச் ஈட்டிங்கும் எடைக் குறைப்பு ஆபரேஷனும்: எதை முதலில் பார்ப்பது?

எடைக் குறைப்பு ஆபரேஷனுக்கு நாள் குறிப்பதற்கு முன்னால், மனநல ஆலோசகர் ஒருவரைப் பார்த்து அவர் கையெழுத்தை வாங்கி வரச் சொன்னார்கள். இருபது நிமிஷம் பேசியிருப்போம். "ராத்திரி எழுந்து சாப்பிடுற பழக்கம் இருக்குதாம்மா?" என்று கேட்டார். "இல்லைங்க சார்" என்றேன், யோசிக்கக்கூட இல்லை. முந்தின நாள் இரவு ஒன்றரை மணிக்கு, சமையலறை விளக்கைப் போடாமல், எவர்சில்வர் டப்பாவின் மூடி சத்தம் போடக் கூடாதென்று நைட்டி ஓரத்தை அதன் மேல் சுற்றித் திறந்து, விருந்தாளிகளுக்காக அம்மா வாங்கி வைத்திருந்த மைசூர்பாகில் பாதியை நின்றபடியே தின்று முடித்திருந்தேன். ருசி தெரிந்ததா என்று கேட்டால் இல்லை. இதைச் சொன்னால் ஆபரேஷன் கிடையாது என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தேன்.

அந்தப் பயம் தேவையில்லாதது என்று யாராவது அன்றைக்கு எனக்குச் சொல்லியிருக்கலாம். இப்போது ஐந்து வருஷம் ஆகிறது. இதே நிலையில் இருக்கிறவர்கள் எனக்குப் போன் செய்கிறார்கள், அக்காவின் தோழி, ஆபீஸில் கூட வேலை பார்க்கிறவரின் மருமகள், இப்படி. எல்லோருக்கும் கேள்வி ஒன்றுதான்: முதலில் சாப்பாட்டுப் பிரச்சினையைச் சரிசெய்வதா, ஆபரேஷனை முடித்துவிடுவதா, இல்லை இப்போது வந்திருக்கிற, எடை குறைக்கிற ஊசியே போதுமா. நான் பட்டதையும் படித்ததையும் வைத்து ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். ஒன்று மட்டும், என் எடை எவ்வளவு இருந்தது, எவ்வளவு குறைந்தது என்ற கணக்கை எழுதப்போவதில்லை. சாப்பாட்டு நோய் உள்ளவர் கையில் எந்த எண் கிடைத்தாலும் அது போட்டியாகிவிடும், எனக்கு அப்படித்தான் ஆனது.

நிறையச் சாப்பிடுகிற எல்லோருக்கும் இந்த நோய் கிடையாது. கல்யாணப் பந்தியில் இரண்டாவது தடவை பாயசம் வாங்கிக்கொள்வது நோய் இல்லை. நிறுத்த நினைத்தும் கை நிற்காமல், வேகவேகமாக, பசி இல்லாமலே, வயிறு வலிக்கிற வரைக்கும், யாரும் பார்க்காத இடத்தில் சாப்பிட்டு, முடித்ததும் தன் மேலேயே அருவருப்பு வருகிறது, இது வாரம் ஒரு தடவையாவது மூன்று மாதமாக நடக்கிறது என்றால் அதற்குப் பிஞ்ச் ஈட்டிங் என்று பெயர். அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் 2013-இல்தான் இது தனி நோயாக இடம்பெற்றது. இரவில் எழுந்து சாப்பிடுகிற நோயைப் பற்றி ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்ற மருத்துவர் 1955-லேயே எழுதிவிட்டார். நம் வீடுகளில் இரண்டுக்கும் இன்றைக்கும் ஒரே வைத்தியம்தான், "வாயைக் கட்டு". வாயைக் கட்டக் கட்டத்தான் இது பெரிதாகும். காலையில் வெறும் காபி, மதியம் இரண்டு சப்பாத்தி, அப்புறம் சாயங்காலம் வரைக்கும் தம் பிடித்து இருந்தால், ராத்திரி பத்து மணிக்கு உடம்பு மொத்தத்தையும் சேர்த்து வைத்துக் கேட்கும்.

சரி, முதல் வழி நான் எடுத்த வழி. எதையும் சொல்லாமல் நேராக ஆபரேஷன். இதில் நல்லதே இல்லை என்று சொல்லமாட்டேன். சர்க்கரை, பிரஷர், முட்டிவலி, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, இதெல்லாம் ஆபரேஷனால் மளமளவென்று குறைகிறது. ஸ்வீடனில் 1987-இல் தொடங்கி வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்த ஆய்வில், ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடம் இறப்பே குறைவாக இருந்தது. எனக்குச் செய்தது ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, ஒரு வாழைப்பழம் அளவுக்குக் குழாய் மாதிரி விட்டுவைப்பார்கள். பசியைத் தூண்டுகிற கிரெலின் என்ற ஹார்மோன் அதிகமாகச் சுரக்கிற மேல் பகுதியும் அதோடு போய்விடுகிறது. அதனால் முதல் ஏழெட்டு மாதம் பசியே தெரியாது. அரை இட்லியைக் குழந்தைக்கு ஊட்டுகிற ஸ்பூனால் எடுத்து இருபது நிமிஷம் சாப்பிட்டேன், அதிலேயே நிறைந்துவிட்டது. நோய் போய்விட்டது என்றே நினைத்தேன். டாக்டர்கள் இதை ஹனிமூன் பீரியட் என்பார்கள், எனக்கு அந்தப் பெயர் அப்போது தெரியாது.

பத்தாவது மாதம் திரும்பி வந்தது, ஆனால் வேறு உருவத்தில். ஒரே மூச்சில் அவ்வளவு சாப்பிட வயிற்றில் இடம் இல்லை. அதனால் ஆபீஸ் மேஜை டிராயரில் மிக்சர் பாக்கெட். நாலு மணிக்கு ஒரு பிடி, பத்து நிமிஷம் கழித்து ஒரு பிடி, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே இன்னொரு பிடி. வீட்டுக்கு வரும்போது டிராயரில் வெறும் கவர்தான் இருக்கும். வந்த பிறகு முறுக்கு, அப்புறம் டம்ளரில் பூஸ்ட், அப்புறம் ஐஸ்கிரீம். ஐஸ்கிரீமும் பானமும் இந்தச் சின்ன வயிற்றில் தங்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், சிக்கனும் முட்டையும்தான் அடைக்கும். வெளியில் இருந்து பார்த்தால் கொறிக்கிற பெண், அவ்வளவுதான். எனக்கு மட்டும் தெரியும், டப்பா மூடியைத் துணி சுற்றித் திறந்த அதே கைதான் இது என்று. ஆபரேஷனுக்குப் பிறகு எவ்வளவு சாப்பிட்டோம் என்பது அளவுகோல் ஆகாது, நிறுத்த முடிந்ததா என்பதுதான் அளவுகோல் என்று பிறகுதான் ஒரு சைக்கியாட்ரிஸ்ட் எனக்கு விளக்கினார்.

இதைவிட மோசமானது ஒன்று நடந்தது. ஒருநாள் அவசரமாகச் சாப்பிட்டதில் சோறு நெஞ்சில் அடைத்து வாந்தி ஆகிவிட்டது, வந்ததும் பெரிய நிம்மதி. ஆபரேஷனுக்குப் பிறகு இப்படி அடைத்து வாந்தி வருவது சகஜம், அதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் அந்த நிம்மதி மனசில் பதிந்துபோனது. அடுத்த முறை அடைக்காமலே அந்த நிம்மதியைத் தேட ஆரம்பித்தேன். இது வேறு ஒரு நோயின் வாசல். தொடர்ந்து வாந்தி எடுத்தால் உடம்பில் தயாமின் என்ற பி1 சத்து சீக்கிரமே தீர்ந்துபோய், கண் அசைவு, நடை, ஞாபகம் எல்லாம் பாதிக்கப்படும், சிலருக்கு அது திரும்பாமலே போகும். வாந்தி நிற்கவில்லை என்றால் வீட்டில் கஷாயம் வைத்துக்கொண்டு உட்காராமல் ஆஸ்பத்திரிக்குப் போய், எனக்கு இந்த ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

இரண்டாவது வழி, முதலில் சாப்பாட்டு நோயைக் குணப்படுத்துவது, அதுவரை ஆபரேஷன் பேச்சே இல்லை. பிஞ்ச் ஈட்டிங்குக்கு நல்ல பலன் தெரிந்த சிகிச்சை சிபிடி என்கிற பேச்சு சிகிச்சைதான், சுமார் இருபது தடவை உட்கார வேண்டியிருக்கும், நாலைந்து மாதம் ஆகும். நான் இதைக் கடைசியில்தான் செய்தேன், முதலில் செய்திருக்க வேண்டும். முதல் பாடமே ஆச்சரியமாக இருந்தது, "சாப்பாட்டைக் குறைக்காதீங்க, நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்றார்கள். மூன்று வேளை, நடுவில் இரண்டு சிற்றுண்டி, மூன்று நாலு மணி நேரத்துக்கு மேல் வயிற்றைக் காயப்போடாமல். ஒரு நோட்டில் என்ன சாப்பிட்டேன், எங்கே இருந்தேன், அதற்கு முன்னால் மனசில் என்ன ஓடியது என்று எழுத வேண்டும். கலோரி எழுதக் கூடாது. மூன்றாவது வாரத்தில் நோட்டைப் புரட்டினால் என் வண்டவாளம் எல்லாம் அதில் இருந்தது: மேனேஜரிடம் பேச்சு வாங்கிய நாள், தனியாக வீட்டுக்கு வந்த நாள், காலையில் சாப்பிடாமல் ஓடிய நாள். பசி அந்தப் பட்டியலில் பாதிகூட இல்லை.

இந்தச் சிகிச்சையில் சுமார் பாதிப் பேருக்கு அடங்காமல் தின்பது நின்றுவிடுகிறது. பெரிய விஷயம் அது. ஆனால் எடை பெரிதாகக் குறையாது, இதை முன்னாடியே தெரிந்துகொண்டு போங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் மாதமே ஏமாற்றமாகி விட்டுவிடுவீர்கள். அப்புறம் இன்னொன்று. சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது, தூக்கத்தில் மூச்சுத் திணறுகிறது என்கிற ஒருவரிடம் "முழுசாகக் குணமானதும் வாங்க" என்று சொல்வது சரியில்லை. அந்த "முழுசாக" பலருக்கு வரவே வராது. ஆபரேஷனுக்கு முன்னால் மட்டும் சிபிடி கொடுத்து அதோடு நிறுத்திக்கொண்டால் அதன் பலனும் நிலைப்பதில்லை. நார்வேயில் பத்து வாரம் அப்படிக் கொடுத்துவிட்டு நாலு வருஷம் கழித்துப் பார்த்தபோது, அதைப் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் எடையில் வித்தியாசம் தெரியவில்லை.

ஆனால் சிலருக்கு இந்த இரண்டாவது வழிதான் ஒரே வழி, அதில் சமரசமே கிடையாது. இப்போதே வாந்தி எடுத்தோ பேதி மாத்திரை போட்டோ சாப்பிட்டதை வெளியேற்றுகிற பழக்கம் இருந்தால், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்துகொண்டிருந்தால், குடியை நிறுத்த முடியாமல் இருந்தால், ஆபரேஷன் காத்திருக்கட்டும். முதலில் அதற்குச் சிகிச்சை.

மூன்றாவது வழி ஊசி. இந்தியாவில் 2025 மார்ச்சில் மவுஞ்சாரோவும் ஜூனில் வீகோவியும் வந்த பிறகு எனக்கு வருகிற போன்களில் பாதி இதைப் பற்றித்தான். தலைக்குள் நாள் முழுக்க ஓடுகிற சாப்பாட்டுப் பேச்சு இந்த ஊசி போட்டால் அடங்குகிறது என்று பலரும் சொல்கிறார்கள், அதை நான் நம்புகிறேன், அந்தப் பேச்சு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். வீகோவியில் இருக்கிற செமாக்ளூடைட் மருந்தை 68 வாரம் போட்டவர்களுக்குச் சராசரியாக உடல் எடையில் 15 சதவீதம் குறைந்தது என்று 2021-இல் வெளிவந்த பெரிய ஆய்வு காட்டியது. கத்தி இல்லை, வேண்டாமென்றால் நிறுத்திக்கொள்ளலாம். சிக்கலும் அந்த நிறுத்துவதில்தான் இருக்கிறது. அதே ஆய்வில் ஊசியை நிறுத்திய ஒரு வருஷத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. மாதாமாதம் செலவு, வருஷக்கணக்காக. பிஞ்ச் ஈட்டிங்குக்கான மருந்தாக இதற்கு ஒப்புதலும் கிடையாது. குமட்டலும் வாந்தியும் இதன் பொதுவான பக்கவிளைவுகள், வாந்தியோடு ஏற்கெனவே சிக்கல் உள்ளவர்கள் அதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது. எடை நடுத்தரமாக இருந்து, பெரிய உடல்நோய் எதுவும் இல்லாதவருக்கு, சிபிடியோடு சேர்த்துப் போட்டுப் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சிபிடி இல்லாமல் ஊசி மட்டும் என்றால், நான் மறைத்துவிட்டுச் செய்துகொண்ட ஆபரேஷனுக்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

நாலாவது வழி, ஆபரேஷனையும் சிபிடியையும் சேர்த்துச் செய்வது. என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். முதல் நாளே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பிஞ்ச் ஈட்டிங் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஆபரேஷனை மறுப்பதில்லை. மூன்று நாலு மாதம் சிபிடி, நேரத்துக்குச் சாப்பிடுகிற பழக்கம் கொஞ்சமாவது பிடிபட்டதும் ஆபரேஷன், அப்புறமும் அதே ஆலோசகரிடம் இரண்டு வருஷமாவது போய்க்கொண்டே இருப்பது. இந்தக் கடைசிப் பகுதிதான் உயிர்நாடி. அமெரிக்காவில் ஆபரேஷன் ஆனவர்களை ஏழு வருஷம் வரை பின்தொடர்ந்து பார்த்ததில், ஆபரேஷனுக்கு முன்னால் இந்த நோய் இருந்ததா என்பதைவிட, பின்னால் கட்டுப்பாடு இழந்து சாப்பிடுவது வந்ததா என்பதுதான் எடை எவ்வளவு குறைகிறது என்பதோடு அதிகம் தொடர்புடையதாக இருந்தது. நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர் எதிர், முன்னால் ஒரு கையெழுத்து, பின்னால் ஒன்றுமில்லை. எனக்கு டயட்டீஷியனின் போன் ஆறாவது மாதத்தோடு நின்றுபோனது, பிரச்சினை பத்தாவது மாதம்தானே ஆரம்பித்தது.

ஆபரேஷனுக்கு முந்தின நாட்களைப் பற்றி ஒரு வார்த்தை. கல்லீரல் சுருங்குவதற்காக இரண்டு வாரம் திரவ உணவு தருவார்கள். அதற்கு முந்தின வாரம், இனி இதெல்லாம் சாப்பிடவே முடியாது என்று பிரியாணி, பரோட்டா, ஜிகர்தண்டா என்று ஊரெல்லாம் சுற்றித் தின்பது நிறையப் பேருக்கு நடக்கிறது, நானும் செய்தேன். ஆலோசகர் கூட இருந்தால் அந்த வாரத்துக்கென்றே ஒரு திட்டம் போட்டுக்கொள்ளலாம்.

எந்த ஆபரேஷன் என்பதும் முக்கியம். ஸ்லீவா பைபாஸா என்று முடிவு செய்ய "இனிப்பு அதிகமாச் சாப்பிடுவீங்களா?" என்று டாக்டர் கேட்பார், அதற்கும் நான் பொய் சொன்னேன். பைபாஸில் சுமார் 30 மில்லி கொள்கிற சின்னப் பை மட்டும் வைத்துச் சிறுகுடலோடு நேராக இணைத்துவிடுவார்கள். அதில் இனிப்பு அதிகம் போனால் டம்பிங் என்று வியர்த்து, படபடத்து, படுத்தே ஆக வேண்டிய நிலை வரும். இனிப்பை விட்டுவிட அது உதவும் என்று சிலர் விரும்பித் தேர்ந்தெடுக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, தண்டனைக்குப் பயந்து நிறுத்துவது இந்த நோயில் ரொம்ப நாள் நிற்காது, டம்பிங் வராத பலகாரத்தை மனசு சீக்கிரமே கண்டுபிடித்துவிடும், மிக்சரில் சர்க்கரை இல்லையே. நெஞ்செரிச்சல் ஏற்கெனவே உள்ளவர்களுக்கு ஸ்லீவில் அது கூடும், அவர்களுக்குப் பைபாஸ் நல்லது. பைபாஸில் இரும்பு, பி12 குறைபாடு அதிகம் வரும், மாத்திரை வாழ்நாள் முழுக்க. மனநல மாத்திரை எடுக்கிறவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: மெதுவாகக் கரைகிற வகை மாத்திரைகள் பைபாஸுக்குப் பிறகு சரியாக உடம்பில் சேராமல் போகலாம், அதனால் ஆபரேஷனுக்கு முன்பே சைக்கியாட்ரிஸ்டும் சர்ஜனும் பேசிக்கொள்ளட்டும்.

இரண்டாவது வருஷத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எடை இறங்குவது நின்று, பாராட்டுகளும் நின்று, பழைய மனசோடு புது உடம்பில் இருக்கிற வருஷம் அது. சாப்பாட்டில் கிடைத்த ஆறுதல் பறிபோனதும் சிலருக்கு அது குடியாக மாறுகிறது, அதுவும் பைபாஸுக்குப் பிறகு மது வேகமாக ரத்தத்தில் ஏறும். அமெரிக்காவில் 2012-இல் வந்த ஆய்வில், மதுப் பிரச்சினை உள்ளவர்கள் ஆபரேஷனுக்கு முன்னால் 7.6 சதவீதம், இரண்டாவது வருஷத்தில் 9.6 சதவீதம். கனடாவின் ஒன்டாரியோவில் 2016-இல் வந்த இன்னொரு ஆய்வில், தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு அவசர சிகிச்சைக்கு வருவது ஆபரேஷனுக்குப் பிறகு சுமார் ஒன்றரை மடங்கானது, அதில் பெரும்பகுதி இரண்டாம், மூன்றாம் வருஷங்களில். பெரும்பாலானவர்களுக்கு இப்படி ஆவதில்லை. ஆனாலும் உங்கள் வீட்டில் ஒருவருக்காவது இது தெரிந்திருக்க வேண்டும், எடை குறைந்து அழகாகிவிட்டாள், அவளுக்கு என்ன குறை என்று நினைத்துக்கொண்டிருக்கிற வீட்டில் யாரும் கவனிக்கமாட்டார்கள்.

வீட்டுக்காரர்களிடம் சொல்வது எனக்கு ஆபரேஷனைவிடக் கஷ்டமாக இருந்தது. "ரெண்டு வாய் சேர்த்துச் சாப்பிடு கண்ணு, எலும்பா தெரியுற" என்று ஊட்ட வருகிற அம்மாவும், "மறுபடி கொறிக்கிறியே" என்று கேட்கிற அம்மாவும் ஒரே ஆள்தான். ஆலோசகர் அம்மாவையும் கூட்டி வரச் சொன்னார். அதற்குப் பிறகு அம்மா இனிப்பை ஒளித்து வைப்பதை நிறுத்திவிட்டார். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு தட்டில் வைத்து, டிவியை அணைத்துவிட்டு, என்னோடு உட்கார்ந்து அவரும் ஒன்று சாப்பிடுவார். டப்பா இப்போது மேஜை மேலேயே இருக்கிறது. எல்லா நாளும் நன்றாகப் போகிறது என்று இல்லை, போன மாதம்கூட ஒரு இரவு சறுக்கினேன், மறுநாள் காலை நேரத்துக்கு டிபன் சாப்பிட்டேன், நோட்டில் எழுதினேன், ஆலோசகருக்குப் போன் செய்தேன்.

பணம் பற்றிச் சுருக்கமாக. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி 18 வயதுக்கு மேல், பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டுகிற எண்) 40, இல்லை 35-உம் கூடவே கடுமையான உடல்நோயும், மற்ற வழிகள் பலன் தராமல் போயிருக்க வேண்டும், அப்போதுதான் ஆபரேஷனுக்குக் கேட்க முடியும். மனநோய்க்கும் உடல்நோய் மாதிரியே இன்சூரன்ஸ் தர வேண்டும் என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது, ஆனால் பெரும்பாலான பாலிசிகள் படுத்துச் சிகிச்சை எடுத்தால்தான் தரும், வாரம் ஒரு மணி நேரக் கவுன்சிலிங்குக்குக் கைக்காசுதான். அதனால் ஆஸ்பத்திரியில் பேக்கேஜ் பேசும்போதே, ஆலோசகர் எத்தனை தடவை பார்ப்பார், ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனை மாதம் வரை, அவர் இவர்களின் ஆளா வெளியாளா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு ஆஸ்பத்திரி பாருங்கள். தனியாகக் கட்டுப்படி ஆகாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். அவசரமாக யாரிடமாவது பேசியே ஆக வேண்டும் என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்த நேரமும், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

அந்தக் கையெழுத்துக்காகப் போய் உட்காரும்போது வாய் வராமல் போகும், எனக்குப் போனது. எழுதி எடுத்துக்கொண்டு போய்ப் படித்தாலும் போதும்: "சார், எனக்கு நிறுத்த முடியாமச் சாப்பிடுற பிரச்சினை இருக்கு. ராத்திரியில, யாருக்கும் தெரியாம. இத்தனை வருஷமா இருக்கு. ஆபரேஷனும் வேணும், இதுக்குச் சிகிச்சையும் வேணும். ஆபரேஷனுக்கு அப்புறமும் நான் உங்ககிட்ட வரலாமா?"